ரூட்டருக்கு வைத்த சந்தனம்

சேந்தமங்கலம்
ஐப்பசி 2

அன்பு மகன் குணசீலனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் மதுமதியும் என் தங்கப் பேத்தியும் அந்தக் குளிர் தேசத்தில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் நலம், எருமை பெண்கன்று போட்டிருக்கிறது, கிடேரி. தினமும்தான் படத்தில் பார்த்துப் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்பாய். சாயங்காலம் ஆனால் உன் அத்தை அத்தாயி என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவளை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது.

ஆயுத பூசை அன்று அப்பா மோட்டார், மிக்சி, மருந்தடிக்கிற மிசின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார், டெலிபோன் வயரில் நெட் வருகிற ரூட்டரை மட்டும் விட்டுவிட்டார். பேத்தியைக் காட்டுகிற பெட்டியாயிற்றே என்று நான் அதைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். மறுநாள் பார்த்தால் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டையில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. ஊக்கை உள்ளே விட்டு நன்றாகக் குடைந்தேன். பெட்டியில் இருந்த விளக்கெல்லாம் ஒரு தடவை அணைந்து எரிந்தது, அதோடு நெட் போச்சு. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை பேத்திக்குப் பேர் வைப்பதாக இருந்தீர்கள், பேரை முதலில் என்னைத்தான் கூப்பிடச் சொல்லியிருந்தாள் மதுமதி. எங்கள் செல்போனில் பார்த்தால் உன் முகமே கட்டம் கட்டமாக நின்றுவிடும், குழந்தைக்கு என் குரல் எப்படிக் கேட்கும்? எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்பு வந்து மாட்டிய லைன்மேன் செங்கோடன் ரிட்டயர் ஆகி மகள் ஊருக்குப் போய்விட்டார். பேர் வைப்பதற்கு முதல் நாள் வியாழக்கிழமை அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தன் தங்கை மகன் கோகுல்ராஜைக் கூப்பிட்டுவிட்டார். நாமக்கல்லில் ஆபீஸ்களுக்கு நெட் மாட்டுகிறவன் அவன். கூடவே அவன் அம்மா அத்தாயியும் வந்தாள். ஆறு வருசமாக நான் அவளோடு பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். இதே கோகுல்ராஜின் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வெற்றிலை பாக்கோடு வைக்காமல், பால்காரரிடம் கொடுத்தனுப்பினவள். அது புதன்கிழமை. பால்காரர் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கோகுல்ராஜ் லேப்டாப்பை வயரில் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஊக்க உட்டுக் குத்துனதுல உள்ள பதிஞ்சு வெச்சதெல்லாம் அழிஞ்சுபோச்சுங்கத்தை. லைன் வருது, ஆனா பேரும் பாஸ்வேர்டும் போட்டாத்தான் நெட்டு உள்ள உடும். லைன்மேன் எழுதிக் குடுத்த சீட்டு இருக்குதுங்களா?" என்றான். இருக்கிறது. செங்கோடன் ரூட்டர் மாட்ட வந்ததும் அதே புதன்கிழமைதான். எழுதித் தரக் காகிதம் கேட்டார், நான் இருந்த கோபத்தில் கையில் இருந்த பத்திரிகையையே நீட்டினேன், அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். நாளைக்கு நாலு பேர் நியாயம் கேட்டால் காட்ட வேண்டும் என்று அதை பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். வேறு வழி? எடுத்து வந்து கொடுத்தேன். பத்திரிகை மூலையில் தடவிய மஞ்சள் ஊறிப் பாஸ்வேர்டின் கடைசி எண் மறைந்திருந்தது. ஏழு என்றேன், செங்கோடன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதினார். அவன் போட்டான், பச்சை விளக்கு எரிந்தது, எனக்கு உயிர் வந்தது. திரும்பினால் அத்தாயி அந்தப் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள். "என்ற பையன் பத்திரிகையப் பட்டுச் சேலைக்கடியில வெச்சுக் காப்பாத்தியிருக்கறீங்களே நங்கையா, நேருல வந்து கூப்புடாத பாவி நானு" என்கிறாள், அண்ணியான என்னை முறை சொல்லிக் கூப்பிட்டு. நிஜத்தைச் சொல்ல முடியுமா சாமி? "பின்ன, அவன் நம்மூட்டுப் பையனில்லியா" என்று வாயில் வந்துவிட்டது. அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை நான் வெண்ணிலா என்று கூப்பிட்டதும் குட்டி கண்ணை உருட்டிப் பார்த்தாளே, அது போதும் எனக்கு. இரண்டாவதாக அத்தாயி கூப்பிட்டாள் அல்லவா, நான்தான் கூப்பிடச் சொன்னேன். அதற்காக மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, அந்தப் புதன்கிழமை அப்படியேதான் இருக்கிறது. குழந்தையைக் காது மூடித் தூங்க வை, மதுமதியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். கொல்லிமலை சாமி உங்கள் மூவருக்கும் துணை நிற்கும், நூறு வருசம் நோய்நொடி இல்லாமல் இருங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். பத்திரிகையை அத்தாயியே ரூட்டருக்கு மேலே சுவரில், பேர் போட்ட பக்கம் தெரிகிற மாதிரி ஒட்டிவிட்டாள். படத்தில் கண்ணில் பட்டால், அதை நான் எதற்காக வைத்திருந்தேன் என்று நினைத்து அத்தாயி முன்னால் சிரித்துத் தொலைக்காதே.

இப்படிக்கு
உன் அம்மா
சி. சென்னியம்மாள்