இடது கைக்கு ஒரு நிப்

அன்புள்ள உங்களுக்கு,

வலது கை வராததால் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் இடது கையால் எழுதிய ஒற்றை வரி வந்தது: ‘என் மைப்பேனாவை யாருக்காவது கொடுத்துவிடு.’

இங்கே அட்டுவம்பட்டியில் ஒரே மஞ்சு; எதிர்வீடுகூடத் தெரியவில்லை.

பேனாவைக் கடைத்தெருவில் பேனா பழுதுபார்க்கும் அப்பாஸ் பாயிடம் கொண்டுபோனேன். இத்தனை வருஷத்தில் நிப் உங்கள் வலது கைச் சாய்வுக்கே தேய்ந்துவிட்டதாம். இடது கையில் பிடித்தால் தாளைக் கீறுகிறது.

“வேற நிப்பு போட்டுத் தாரேங்க்கா. சார் எந்தக் கையில எழுதுனாலும் வழுக்கிக்கிட்டு ஓடும்,” என்று சொல்லி மாற்றித் தந்தார்.

பழைய நிப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பிடித்த கருநீல மையைத்தான் நிரப்பினேன். நாளை தம்பி இந்தக் கடிதத்தோடு பேனாவையும் கொண்டுவருவான்.

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். இதே பேனாவால், முழுக்க இடது கையாலேயே எழுதினேன். பாதிக் கடிதத்துக்கு மேல் பழகிவிட்டது.

உங்கள்
வீட்டுக்காரி