ஒரு நாளைக்கு ஒரு ஜிபி

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் மூன்று முறை நெட் நின்றது. மருத்துவர்கள் பேசி அனுப்பும் பதிவுகளைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்வது என் பிழைப்பு. "சிறுநீரகத்தில்..." என்று சொன்னதோடு டாக்டர் நின்றுவிட்டார். சிறுநீரகத்தில் என்ன? கல்லா, கட்டியா? யாரென்றே தெரியாத அந்த நோயாளிக்காகப் பத்து நிமிடம் நான் பதறினேன். கடைசியில் ஒன்றுமில்லையாம். மேலாளர் அம்மா, ஏன் தாமதம் என்று இந்த வாரத்தில் இரண்டாம் முறையாகக் கேட்டுவிட்டார். மூன்றாம் முறை கேட்க மாட்டார், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

மார்ச் 4, புதன்

இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் செய்தேன். ஒரு நாளைக்கு உள்ள அளவு மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறதாம், அப்புறம் நின்று நின்றுதான் வருமாம். "வீட்ல புதுசா யாராவது வந்திருக்காங்களாம்மா?" என்று கேட்டார்.

வந்திருக்கிறாள். என் தங்கை. புருஷனோடு இனி முடியாது என்று இரண்டு பெட்டியோடு வந்து ஆறு வாரம் ஆகிறது. இது உன் வீடு என்று நான்தான் சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன். பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு போனும் கையுமாக இருக்கிறாள். என்ன பார்க்கிறாள்? வாய்விட்டுக் கேட்டால் குத்திக்காட்டுவதாக நினைப்பாளோ?

நெட்காரரே வழியும் சொன்னார்: விருந்தாளிகளுக்கென்று தனி வைஃபை வைத்து, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று கட்டிப்போடலாமாம். அவர்களுக்குத் தெரியவே தெரியாதாம்.

மார்ச் 5, வியாழன்

செய்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஒரு ஜிபி. பழைய வைஃபை சரியில்லை, இதில் போட்டுக்கொள் என்று பொய் சொல்லி அவளை மாற்றினேன். மறு கேள்வி கேட்காமல் போனை நீட்டினாள்.

இவர் மட்டும், "உன் தங்கச்சிதானே, நேராவே சொல்லேன்" என்றார். நேராகச் சொல்வது அவ்வளவு சுலபமென்றால் நான் ஏன் நாட்குறிப்பு எழுதுகிறேன்?

மார்ச் 6, வெள்ளி

இன்றும் நின்றது. அவளைக் கட்டிப்போட்ட பிறகும்! தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மார்ச் 9, திங்கள்

அரை ஜிபி ஆக்கினேன். ஏன் செய்தேன்? பழைய வைஃபையில் அவளேதான் இன்னும் நுழைகிறாள் என்று ஒரு சந்தேகம். அப்படியானால் இதைக் குறைத்து என்ன பயன்? அதுகூடத் தோன்றவில்லை. கோபம் வந்தது, குறைத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

மூன்று மணி இருக்கும். சமையலறையில் இருந்தேன். வெளியே போகிறவள்போல நல்ல உடை உடுத்தி, தலைவாரி வந்து நின்றாள். போனை என் பக்கம் திருப்பினாள். 'விருந்தினருக்கான இன்றைய அளவு முடிந்தது' என்று இருந்தது.

ஒரு பள்ளிக்கூடத்தில் நேர்காணலாம். வீடியோவில் நாலு பேர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது அறுந்துவிட்டது. இத்தனை நாளும் கதவைச் சாத்திக்கொண்டு அதற்கான வகுப்புகளைத்தான் கேட்டிருக்கிறாள். கிடைத்தால் சொல்லலாம் என்று இருந்தாளாம்.

"நான் கெஸ்ட்டாக்கா?"

அது மெஷின் தானாகப் போடுவது என்றேன். சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தலையாட்டிவிட்டுப் போனாள். சண்டையாவது போட்டிருக்கலாம்ல? சின்ன வயசுல சீப்புக்கே என் தலைமுடிய பிடிச்சு இழுத்தவதானே?

மார்ச் 11, புதன்

நெட்காரர் நேரில் வந்து ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார். கடைசியில் பிடிபட்டது கேமரா. அவள் புருஷன் வந்து கலாட்டா செய்தால் தெரியட்டும் என்று இவர் வாசலில் மாட்டியது. ஆறு வாரமாக எங்கள் கேட்டைப் படம்பிடித்து ஓயாமல் எங்கோ அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்குக் காவலாக வைத்ததுதான் அத்தனையும் தின்றது. நான் அவள் வாயைக் கட்டினேன்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவர் இரண்டும் செய்யாமல் ஏணியைத் தேடிப் போனார்.

மார்ச் 12, வியாழன்

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொய்யையும், அரை ஜிபி ஆக்கியதையும். வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். "பரவாயில்லக்கா, உனக்கும் வேலை இருக்குல்ல" என்றாள். நிஜமாகவே கோபம் இல்லாத குரல்.

மார்ச் 17, செவ்வாய்

அந்தப் பள்ளிக்கூடத்தில் மறுபடி நேரம் கொடுத்திருக்கிறார்கள். தன் சிம்மிலேயே ரீசார்ஜ் செய்துகொண்டு, சிக்னல் கிடைக்கும் மொட்டைமாடியில், வெயிலில் உட்கார்ந்து பேசினாள். கீழே வைஃபை சும்மாதான் கிடந்தது.

மார்ச் 19, வியாழன்

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. செய்தி அனுப்பியிருந்தாள், பக்கத்து அறையிலிருந்து.

மார்ச் 22, ஞாயிறு

கடவுச்சொல் கொடுத்துப் பத்து நாளாகிறது. வைஃபையில் எவையெல்லாம் இணைந்திருக்கின்றன என்ற பட்டியலைத் தினமும் திறந்து பார்க்கிறேன். என் கணினி, இவர் போன், டிவி. அவள் போன் இல்லை. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. எதைக் கேட்பது? ஏன் எங்கள் நெட்டை உபயோகிக்கவில்லை என்றா?

என் வேலை இப்போது தடங்கலின்றி ஓடுகிறது. மேலாளர் அம்மா பாராட்டினார்.

சாயங்காலம் சமையலறைக்கு வந்தவள், ஃப்ரிட்ஜைத் திறக்காமல் அதன் பக்கத்தில் நின்றாள். நான் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் பால் எடுத்துக்கவா?"

எடுத்துக்கோ என்றேன். எடுத்து ஊற்றிக்கொண்டு, தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.