எட்டே முக்கால் மணி ஆள்

செப்டம்பர் 8, 2025

பந்தல்குடியில் 4 மில்லிமீட்டர் மழை. ஹரி எழுதியிருக்கிறான். இங்கே திருச்சுழியில் ஒரு பொட்டுத் தூறல் இல்லை. உளுந்து விதைக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, இன்னொரு மழை பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவனுடைய வலைப்பதிவில் பதில் போட்டிருக்கிறான். ஊருக்கெல்லாம் பதில் சொல்ல என் தம்பிக்கு நேரம் இருக்கிறது. என்னிடம் பேசி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நான் மட்டும் பேசினேனா? இல்லை.

செப்டம்பர் 11

மாமியார் மறுபடி ஆரம்பித்துவிட்டார். பாப்பாவுக்கு மூன்று வயசாகிறது, இன்னும் காது குத்தவில்லை, பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். தாய்மாமன் மடிக்கு என் பெரியப்பா மகன் சுந்தரபாண்டியைக் கூப்பிட்டுக்கொள்ளலாமாம். அவனும் தம்பி முறைதான். ஆனால் கூடப் பிறந்தவன் ஒரு மணி நேர பஸ்ஸில் இருக்கும்போது, என் பிள்ளை எதற்கு இன்னொருத்தன் மடியில் உட்கார வேண்டும்?

செப்டம்பர் 15

இன்று அவன் எழுதியது: "எட்டரைக்கு அளந்து போடுகிறேன். எட்டே முக்காலுக்கு யாரோ ஒருவர் தவறாமல் வந்து பார்க்கிறார். நான் போடாத அன்றும் வருகிறார். நன்றி."

அது நான்தான். இ-சேவை மையம் நடத்துகிற என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியும். யாரென்று பேர் வராது, எத்தனை பேர், எப்போது என்பது மட்டும் எழுதுகிறவனுக்குத் தெரியும் என்றார். அது போதாதா? அந்த நேரத்துக்குத்தான் நான் அடுப்பை அணைத்துக் கையைத் துடைத்துவிட்டு அவன் பக்கத்தைத் திறப்பேன். அத்தனை வருஷம் என் கையால் சாப்பிட்டவனுக்கு இது தெரியாதா?

செப்டம்பர் 16

பக்கத்துக்கே போகாமல் படிக்க ஃபீடு ரீடர் என்று ஒரு செயலி இருக்கிறதாம். வலைப்பதிவைச் சேர்த்துவிட்டால், புதிதாக எழுதுவதை அதுவே கொண்டுவந்து கொடுக்குமாம். மூன்றை இறக்கிப் பார்த்தோம். ஒன்று மெயில் ஐடி கேட்டது. எதற்கு? இன்னொன்று இரண்டு வரி காட்டிவிட்டு மிச்சத்தைப் படிக்க அவன் பக்கத்துக்கே போகச் சொன்னது. போனால் தெரிந்துவிடுமே! மூன்றாவதில் முழுசும் வருகிறது, எழுத்தும் பெரிசு, பேர் ஊர் எதுவும் கேட்கவில்லை. அதுதான்.

"உன் தம்பி எழுதுறதப் படிக்க இம்புட்டு ஒளிவு மறைவா?" என்றார் இவர். பேசாமல் சேர்த்துவிடுங்கள் என்றேன்.

செப்டம்பர் 17

வந்தது. மழை இல்லை என்று ஒரே வரி. திருடித் தின்ற வெல்லம் மாதிரி இருந்தது.

செப்டம்பர் 30

இன்று 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி எழுதியிருக்கிறான். தூத்துக்குடியில் லாரியோடு மாட்டிக்கொண்டது, ரோடு அறுந்தது, போன் செத்தது. அதே நாளில் இங்கே அப்பா செத்ததை எழுதவில்லை.

அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரே மகன். நான் அவன் வாயைத் திறக்கவிடவில்லை. "கொள்ளி வைக்கக்கூட வராதவன் இப்ப எதுக்கு வந்த?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். மழை என்றான். மழையாம் மழை என்றேன்.

அதற்குப் பிறகுதான் மொட்டை மாடியில் மழைமானி வைத்தான். எனக்கு ஏன் இது இன்றைக்குத்தான் உறைக்கிறது?

அக்டோபர் 10

இப்போதெல்லாம் வெறும் எண் மட்டும் போடுகிறான். ஒரு வார்த்தை கிடையாது.

அக்டோபர் 22

அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "எட்டே முக்காலுக்கு வந்துகொண்டிருந்தவர் ஒரு மாதமாக வரவில்லை. அவர் யாரென்று நானாக ஒன்று நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பாக இருக்கலாம். மழைமானியை இறக்கிவிட்டேன். இத்தோடு போதும்."

நான் ஒரு நாள் விடவில்லையே! இவரிடம் ஓடினேன். "பக்கத்தத் தொறக்காமப் படிச்சா கணக்குல ஏறாது. அதுக்குத்தான நீ கேட்ட?" என்றார். ஆமாம், அதுக்குத்தான் கேட்டேன். மூணு செயலி பார்த்துப் பொறுக்கி எடுத்தேனே, பாவி.

என் தம்பி இத்தனை நாளாக எனக்காகத்தான் அளந்திருக்கிறான். உட்கார்ந்து அழுதேன். பாப்பா வந்து தன் பாவாடையால் என் முகத்தைத் துடைத்தாள்.

அக்டோபர் 23

எட்டே முக்காலுக்கு அவன் பக்கத்தைத் திறந்தேன். ஒன்பதுக்கும் திறந்தேன். பதினொன்றுக்கும். புதிதாக ஒன்றும் இல்லை.

அக்டோபர் 24

போன் பண்ணலாம் என்று எடுத்தேன். கை வரவில்லை. அவன் கடைசிப் பதிவின் கீழே எழுதினேன். நீளமாக எழுதி, அழித்து, திரும்ப எழுதி, கடைசியில் இவ்வளவுதான்:

"எட்டே முக்காலுக்கு வந்தது நான்தான்டா. இப்பவும் தினம் படிக்கிறேன், உனக்குத் தெரியாம. அன்னைக்கு நான் பேசினது தப்பு. பாப்பாவுக்குக் காது குத்தணும், உன் மடி இல்லாம குத்த மாட்டேன். இங்க நேத்து நல்ல மழை, அளக்கத்தான் ஆளில்ல. அக்கா."

அக்டோபர் 25

இல்லை.

அக்டோபர் 26

இல்லை. மாமியார் சுந்தரபாண்டி பேச்சை எடுத்தார். அவனையே கூப்பிடுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

அக்டோபர் 27

செயலியில்தான் முதலில் வந்தது, எட்டரைக்கே. "பந்தல்குடி 31 மி.மீ. மானியை மறுபடி மேலே ஏற்றிவிட்டேன். வாரேன்க்கா."

உடனே பக்கத்தையும் திறந்தேன். நான் பார்த்தது அவனுக்குத் தெரியட்டும்.

நவம்பர் 30

இன்று குலதெய்வக் கோயிலில் வைத்துக் காது குத்தினோம். நேற்றுச் சாயங்காலமே ஹரி வந்துவிட்டான், தாய்மாமன் சீரோடு ஒரு மழைமானியும் தூக்கிக்கொண்டு. இளைத்துப்போயிருக்கிறான். அன்றைக்கு நடந்ததை நான் எடுத்தேன். "விடுக்கா, பசிக்கிது" என்றான். தோசை சுட்டுப் போட்டேன். எட்டு தின்றான்.

மடியில் உட்கார்ந்த பாப்பா, ஆசாரி ஊசியை எடுத்ததுமே அவன் புது வேட்டியை நனைத்துவிட்டாள். அவன் எழுந்திருக்கவே இல்லை. "எத்தன மில்லின்னு எழுதிரவாக்கா?" என்றான். சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியவில்லை.

இன்று அவன் பதிவு எதுவும் போடவில்லை. எட்டே முக்காலுக்கு நாங்கள் இரண்டு பேரும் கோயிலில் இருந்தோம்.