பூட்டிய காம்பரா

1957 ஜூன், செவ்வாய் இரவு. ஹட்டன்.

இன்று ஆங்கில வகுப்பில் ஒரு பேய் மாளிகை நாவலை நடத்தினேன். மாடியில் எப்போதும் பூட்டியே கிடக்கும் ஓர் அறை, உள்ளேயிருந்து வரும் சத்தம். அந்த அறை எதற்குக் குறியீடு என்று கேட்டேன். மறைத்து வைத்த பாவம் என்று யாராவது சொல்வார்கள், கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம் என்றிருந்தேன்.

நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து வரும் பாக்கியம் எழுந்தாள்.

"அந்தக் காம்பராவுல இருந்தவங்களுக்குப் பத்துச்சீட்டு குடுத்துட்டாங்க டீச்சர்."

வகுப்பு சிரித்தது. மாளிகையில் யாரை வேலையை விட்டு நிறுத்துவது என்று நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்க லயத்துல பக்கத்துக் காம்பரா ஆளுங்கள அப்படித்தான் வெளியேத்துனாங்க. தொரை உடனே பூட்டு போடச் சொல்லிட்டாரு. அவங்க கோழி உள்ளயே மாட்டிக்கிச்சு. தெறக்க விடல."

"சத்தம் கேட்டுப் பயந்தீங்களா?"

"இல்லீங்க டீச்சர். சத்தம் நின்ன பொறகுதான் பயமா இருந்துச்சு."

'பாவம்' என்று எழுத எடுத்த வெண்கட்டி என் கையிலேயே இருந்தது. மணி அடித்தது. எல்லோரும் போன பிறகு அவள் நாவலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். படித்து முடித்துவிட்டுக் கொடு என்றேன்.

"நாளையிலருந்து வரமாட்டேன் டீச்சர். எங்கப்பாவுக்கும் சீட்டு குடுத்துட்டாங்க. கோழிய நேத்தே வித்துட்டோம்."

சரி என்றேன்.