பாம்புக்குப் பார்த்த பெட்டி

அன்புள்ள சுலஸ்த்ரி,

கால் வீக்கம் வடிந்ததா? குழந்தை உதைக்கிறதா? ஜகார்த்தாவில் நான் சுகம்.

நான் வேலை பார்க்கும் வளர்ப்புப் பிராணிக் கடையில் ஒரு பெண் மலைப்பாம்பு சினையாக இருந்தாள். முட்டையிடப் பெட்டி வாங்கச் சொன்னார் முதலாளி ஹெந்த்ரோ. வசதியாக இருக்கட்டுமென்று பெரிய கண்ணாடிப் பெட்டியாக வாங்கினேன். அவள் நுழையவே இல்லை.

"ஏன்டா, நீ வேடிக்கை பாக்கவா பெட்டி? இருட்டா இருக்கணும், சுருண்டா நாலு பக்கமும் உடம்பு இடிக்கணும். அப்பதான்டா அவளுக்குப் பயம் போகும்!" என்று சிரித்தார்.

கடை கடையாக அலைந்து சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றைப் பிடித்தேன். ஈரப் பாசி பரப்பி வைத்தேன். நேற்று நிம்மதியாக முட்டையிட்டாள்.

உன் பழைய சாரோங் துணி ஒன்றை அனுப்பு, போர்த்திக்கொள்ள. முதலாளி கூப்பிடுகிறார், முடிக்கிறேன். வலி எடுத்தால் உன்கூட யார் வருவார்கள், சுலஸ்த்ரி? இதுவரை நான் கேட்கவே இல்லை.

உன் சுதர்ஜோ