என் முகத்துக்கு எந்த இங்க்

18 ஜனவரி 2005

பொங்கலுக்கு ஊருக்குப் போன ஹாஸ்டல் பெண்கள் திரும்பிவிட்டார்கள். சேரப்பணஞ்சேரி பஸ் ஸ்டாப்பில் காலையிலிருந்தே கம்பெனி பஸ்கள். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் எல்லோருக்கும் கேட் பாஸுக்குப் போட்டோ வேண்டும். இந்த நேரம் பார்த்து பிரிண்டரில் கலர் இங்க் தீர்ந்துவிட்டது.

மாமா ஷிஃப்ட் முடிந்ததும் நேராகச் சென்னைக்குப் போய், ரிச்சி தெருவில் கம்பாட்டிபிள் என்ற மலிவு இங்க் கேட்ரிட்ஜ் வாங்கி வந்தார். டப்பாவின் மேல் ஒரு கிளி, ஒரு அருவி. செய்தவன் பெயர் எங்கும் இல்லை.

"மாமா, ஒரிஜினல் போட்டாதான் போட்டோ நிக்கும்."

"ஒரிஜினல் விக்கிற விலைக்கு இன்னொரு பிரிண்டரே வாங்கிடலாம் போல கீது. இதுவும் இங்க்தான் மதி. இன்னா, தண்ணியவா ஊத்தி விக்கிறான்?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேச எனக்கு எப்போது வந்திருக்கிறது? அக்காவின் கணவர் அவர். முன்னறையில் இருக்கும் கம்ப்யூட்டர், கேமரா, பிரிண்டர் எல்லாம் அவருடைய ஓவர்டைம் சம்பளம். பி.எஸ்ஸி. படித்த பெண் போய் கம்பெனி லைனில் நிற்க வேண்டாம் என்று நைனா சொன்னதால், நான் இங்கே உட்கார்ந்து வருகிறவர்களைப் படமெடுத்துப் பிரிண்ட் போடுகிறேன். எனக்கும் இதுதான் சௌகரியம். ஆட்களை நேராகப் பார்ப்பதைவிடத் திரையில் பார்ப்பது எளிது.

கேட்ரிட்ஜின் டேப்பை உரித்ததும் விரலெல்லாம் சிவப்பு. ஒரு மாதிரி புளித்த வாடை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அந்தக் கையால் சோறு பிசையக் குமட்டியது. ஸ்பூனில் சாப்பிட்டேன்.

"தொர வூட்டுப் பொண்ணு," என்றாள் அம்மா.

21 ஜனவரி

புது இங்க்கில் முதலில் அகப்பட்டவள் பாண்டிச்செல்வி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஹாஸ்டலில் தங்கி பென்னலூரில் வேலை பார்க்கிறாள். என்னைப் போலவே நல்ல கறுப்பு. பிரிண்டர் துப்பிய தாளில் இருந்தவளோ ரோஸ் மில்க் நிறம். தலைமுடி செம்பட்டை. வெள்ளை துப்பட்டாவின் மடிப்புகளில், சாம்பலாக இருக்க வேண்டிய நிழல் எல்லாம் இளஞ்சிவப்பு. இந்த இங்க்கில் நீலம் பலவீனம், சிவப்பு மட்டும் பொங்கி வழிகிறது. வெயிலில் வைத்தால் ஆறு மாதம் தாங்காது.

கிழிக்கப் போனேன். அவள் பிடுங்கிக்கொண்டாள்.

"ஆத்தீ! யக்கா, இது நானா? கிழிச்சிராதிய! எனக்கு மாப்ள பாக்காவ. ஊருக்கு அனுப்ப இதே மாதிரி பெருசா ஒண்ணு போட்டுத் தாங்க."

"இது உன் கலரே இல்ல, செல்வி."

"அதுனாலதான கேக்கேன்!"

சிரித்துக்கொண்டே போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

29 ஜனவரி

பாண்டிச்செல்வியின் ரூமில் இருக்கும் ஒரு பெண்ணைக் கம்பெனி கேட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேட் பாஸில் இருப்பது அவள் இல்லை என்று செக்யூரிட்டி சொன்னானாம். அரைநாள் சம்பளம் போனதென்று அழுதுகொண்டே வந்து நின்றாள்.

மாமா யோசித்தார். சாயங்காலம் ஒரு ஒரிஜினல் கேட்ரிட்ஜும் வாங்கி வந்துவிட்டார். இனிமேல் கேட் பாஸுக்கு ஒரிஜினல். கல்யாணத்துக்கு அனுப்பும் படத்துக்குக் கம்பாட்டிபிள். அக்காவின் முகத்தை இரண்டிலும் அடித்துச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். கம்பாட்டிபிளுக்குப் பெயரும் வைத்துவிட்டார்: கல்யாண இங்க்.

"செக்யூரிட்டிக்கு ஒரிஜினல், சம்மந்திக்கு டூப்ளிகேட். எப்டி?"

அக்காவும் சிரிக்கிறாள். அவள் முகம்தான் சுவரில் இரண்டாகத் தொங்குகிறது. சீ.

8 பிப்ரவரி

பயந்தது வந்துவிட்டது. பென்னலூரில் ஒரு வரன். பெயர் அன்பு, ஏதோ கம்பெனியில் சூப்பர்வைசர். ஜாதகம் பொருந்திவிட்டதாம். போட்டோ கேட்டிருக்கிறார்கள்.

அக்காவை எடுக்கச் சொல்லி, ஒரிஜினலில் போட்டுக் கொடுத்தேன். நன்றாகவே இருந்தது. நான் இருந்தேன் அதில்.

அம்மா கையில் வாங்கவே இல்லை. "இன்னாடி இது, கருகிப் போய் கீறே? ஊரு பொண்ணுங்களுக்கெல்லாம் நல்லா போட்டுக் குடுக்கிறே, உன் மூஞ்சிக்கு மட்டும் இன்னா கேடு?"

"அம்மா, அவங்க நேர்ல வருவாங்க இல்ல?"

"வரட்டும். மொதல்ல வரணுமில்ல?"

நான் குளிக்கப் போன நேரத்தில் மாமா கேட்ரிட்ஜை மாற்றி அவரே போட்டுவிட்டார். ஈரத் தலையோடு வந்தால், பிரிண்டர் தட்டில் யாரோ ஒருத்தி என் தோட்டைப் போட்டுக்கொண்டு, என் புடவையைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். அம்மா அவளுக்குத் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் இதுவரை கழித்ததில்லை.

17 பிப்ரவரி

பென்னலூரிலிருந்து அன்புவின் போட்டோவும் வந்தது. கை மாறி மாறிப் போயிற்று. "பையன் நல்ல கலரு," என்றாள் அம்மா. "ராஜா மாதிரி கீறாரு," என்றாள் அக்கா. கடைசியில் என்னிடம் வந்தது.

வெள்ளைச் சட்டை. அக்குளிலும் காலர் மடிப்பிலும் இளஞ்சிவப்பு நிழல். தலைமுடி செம்பட்டை.

மாமாவிடம் காட்டினேன். கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அட, நம்ம இங்க்! அவங்களும் வெவரமான ஆளுங்கதான். யார்கிட்டயும் சொல்லிகினு இருக்காத."

இரண்டு வீட்டிலும் இரண்டு பொய்யான மனிதர்களுக்கு நிச்சயம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது.

27 பிப்ரவரி, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வந்தார்கள். ஒரு வேன் நிறைய. காபி கொண்டுபோனேன். நிமிர்ந்ததும் ஒரு பார்வை பார்த்தேன் — அன்பு என் நிறம்தான். பார்க்கப்போனால் ஒரு படி கூட. அவர் வீட்டார் என்னைப் பார்த்தார்கள், எங்கள் வீட்டார் அவரைப் பார்த்தார்கள்.

அவர் அம்மா பையைத் திறந்து என் போட்டோவை எடுத்தாள். எழுந்து வந்து என் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஜன்னல் பக்கமாக என் முகவாயைத் திருப்பினாள். துணிக்கடையில் ரவிக்கைத் துண்டுக்குக் கலர் பார்ப்பது போல. அவள் விரலில் காராபூந்தி எண்ணெய்.

"போட்டோவுல நல்லா செவப்பா கீதே?"

அம்மா ஏதோ வெயில் என்றாள். பரீட்சைக்குக் கண் விழித்தது என்றாள். நான் படித்து முடித்து இரண்டு வருஷம் ஆகிறது!

"அதெல்லாம் சரி. நாம பேசின நகை, போட்டோவுல கீற பொண்ணுக்குப் பேசினது. இந்தக் கலருக்கு நீங்க கொஞ்சம் சேத்துப் போடணும் சம்மந்தி. நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க."

நைனா தலையைக் குனிந்துகொண்டு, "பாத்து செஞ்சிடலாம்மா," என்றார்.

அதுதான் பொறுக்கவில்லை. அவள் கேட்டதுகூட இல்லை. நைனா ஒத்துக்கொண்டதுதான். கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக நின்று சல்யூட் அடித்து அடித்து மிச்சம் பிடித்த பணம். என் தோலுக்கு அபராதமா? வாந்தி எடுத்துவிடுவேன் என்று வாயைத் திறந்தேன், பேச்சு வந்தது.

"உங்க புள்ள போட்டோவும் இதே இங்க்ல போட்டதுதான். சட்டை மடிப்பப் பாருங்க, ரோஸா கீது. நேர்ல அவரும் என் கலருதான். அவருக்கு எத்தினி பவுன் கொறைச்சிக்கப் போறீங்க?"

யாரோ டம்ளரைக் கீழே வைத்தார்கள். அன்பு தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"படிச்ச பொண்ணு, வாய் இம்மா நீளம் கீது," என்று சொல்லிக்கொண்டே அவர் அம்மா செருப்பைத் தேடினாள்.

வேன் போனதும் அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். மாமாவுக்கு வேறு கவலை: "தொழில் ரகசியத்த சபையில போட்டு ஒடைச்சிட்டியே மதி!"

28 பிப்ரவரி

யாரும் பேசவில்லை. நைனா மட்டும் டியூட்டிக்குக் கிளம்பும்போது, "சாப்ட்டியா?" என்றார்.

13 மார்ச்

பாண்டிச்செல்வி வந்தாள். "யக்கா, ஹாஸ்டல் பூரா ஒங்க பேச்சுதான். எத்தினி பவுன் கொறைப்பியன்னு கேட்டியளாமே! எங்க சூப்பர்வைசர் அக்காவே கை தட்டிச்சு."

எனக்கு வெட்கமாகவும் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, "ஊருல போட்டோ பிடிச்சிருக்காம். இன்னொண்ணு கேக்காவ. எனக்கு மட்டும் அந்தக் கல்யாண இங்க்லயே போட்டுருங்கக்கா," என்றாள்.

"நேர்ல பாத்துட்டு நகை கேட்டா?"

"அப்ப நானும் ஒங்கள மாதிரி கேப்பேன்."

கேட்க மாட்டாள். தெரியும். போட்டுக் கொடுத்தேன். விரலில் மறுபடி சிவப்பு. அவள் மேல் கோபமா, என் மேலா, இந்தக் கிளி டப்பாவின் மேலா? சுவரிலிருந்த அக்காவின் இரண்டு முகத்தையும் கிழித்து எறிந்தேன்.

4 ஏப்ரல்

தரகர்கள் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. அதற்கும் அம்மா என்னைத்தான் திட்டுகிறாள். என் பெயரைச் சொல்லாமல், பாத்திரங்களிடம்.

9 மே

அம்மா மகளிர் குழுவில் சேர்ந்திருக்கிறாள். பேங்க் கணக்குக்குப் போட்டோ வேண்டுமாம். மத்தியானம் சுங்குடிப் புடவை மாற்றிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிப்ரவரிக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தது இன்றுதான்.

"எந்த இங்க்ல போட?" என்று கேட்டேன். குத்தலாகத்தான்.

"ஒரிஜினல்லயே போடு. எனக்கு இன்னா, மாப்ளையா பாக்கப் போறாங்க?"

தாள் முழுக்க அம்மா வெளியே வந்தாள். கையில் வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்தாள்.

"நான் இம்மாங் கருப்பா?"

"ஆமாம்மா."

"கண்ணாடியில தெரியலியே."

நான் கத்தரியை எடுத்துக்கொண்டேன். அம்மா தாளைத் தரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நெத்தி, மூக்கு, வாயி... அப்படியே நீதான்டி."

"நான்தாம்மா உன்ன மாதிரி கீறேன்."

அம்மா தாளை மடியில் வைத்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். எழுந்து, தன் முந்தானையால் என் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, "ஒக்காரு, நீயும் ஒண்ணு எடுத்துக்கோ. படப்பையிலருந்து ஒருத்தங்க கேட்டு அனுப்பிச்சிருக்காங்க," என்றாள்.

"எதுல போடறது?"

"இதுலதான். பாத்துட்டுப் புடிச்சா வரட்டும், இல்லன்னா டீசல் மிச்சம்."

ஸ்டூலில் உட்கார்ந்தேன். கேமராவை அம்மா கையில் கொடுத்து, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று காட்டினேன்.