உன் பெயரால் ஏற்றிய விளக்கு

அன்பு மகள் செனெமுக்கு ஜாஃபர் சித்தப்பா எழுதுவது. இங்கே பனி ஜன்னல்வரை ஏறிவிட்டது, ஆனாலும் ஆட்களும் ஆடுகளும் சுகம். ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே சுகமாயிருக்க, வெண்குதிரையேறி வரும் நம் புனிதர் ஹிஸிர் துணை. நடந்ததையெல்லாம் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், அதை முதலில் தெரிந்துகொள். ஹிஸிர் நோன்பு முடிகிற அன்று காலை, அவர் தடம் பதிப்பார் என்று ராத்திரி தாம்பாளத்தில் வைத்திருந்த வறுத்த மாவில் குதிரைக் குளம்பு பதிந்திருந்தது, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. உன் சித்தி, "அது பூனை மிதிச்சது, போய் வேலையைப் பாருய்யா" என்றாள். ஹிஸிரே வந்து போயிருக்கிறார், இன்றைய ஜெம் வழிபாட்டில் நம் வீட்டால் ஊரே வாயடைத்துப் போகும் என்று நான் அப்போதே சொன்னேன். ஆனால் இப்படி அடைக்கும் என்று எனக்கே தெரியாது மகளே.

சாயங்காலம் வழிபாடு நடத்த நம் குருவான தெதே மலைதாண்டி வந்துசேர்ந்தார், பின்னாலேயே ஓநாய்க் கூட்டம், விரட்டியவன் நான்தான். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். விளக்கேற்றும் பணி எப்போதும்போல் உன் அப்பாவுடையது. "யாருக்காவது யார்மேலயாவது மனத்தாங்கல் இருக்கா, மனசு ஒத்திருக்கீங்களா?" என்று தெதே கேட்டார். ஒரு வாத்துக்காகச் சண்டை போட்டிருந்த இரண்டு பெண்கள் எழுந்து முத்தமிட்டுக்கொண்டார்கள், மற்றவர்கள் ஒத்திருக்கோம் என்றோம். அப்பா தீக்குச்சியைக் கிழித்தார். கிழித்தவர் விளக்கில் வைக்கவில்லை. குச்சி விரல்வரை எரிந்து தானே அணைந்தது. பிறகு நடுவில் வந்து, தீர்ப்புக்கு நிற்கிற முறைப்படி வலது கால் பெருவிரலை இடதின்மேல் வைத்துத் தலைகுனிந்து நின்றார். "தெதே, வருஷா வருஷம் ஒத்திருக்கேன்னு இந்த வாயால சொன்னேன், அது பொய். நம்ம வழியில இல்லாதவனக் கட்டிக்கிட்டான்னு எம்மக கல்யாணத்துக்குப் போகல. அப்படி ஒரு மகளே எனக்கு இல்லைன்னு சொன்னேன். அவ மனசு நொந்து கெடக்கையில நான் எந்தக் கையால விளக்கேத்த" என்றார். என் அண்ணன் இத்தனை வார்த்தை சேர்த்துப் பேசி நான் கேட்டதே இல்லை. உன் அம்மா முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டாள். பக்கத்திலிருந்த கிழவி தோனெ, "தூண் நடந்துவந்து பேசின மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தாள்.

"நொந்தவ ஒத்துக்கணும். அதுவரைக்கும் விளக்கு இல்ல, ஜெம்மும் இல்ல" என்றார் தெதே. அது மட்டுமா, அதுவரை அப்பா ஊரோடு உட்காரக் கூடாது, யாரும் அவருக்கு முகமன் சொல்லக் கூடாது. அண்ணன் செருப்பைத் தேடினார். அதைப் பார்க்கமுடியாமல் நான் எழுந்து, ஊர்த்தலைவர் பெக்தாஷ் வீட்டு டெலிபோனில் கேட்டுவருகிறேன் என்று கழுத்தளவு பனியில் இறங்கினேன். திரும்பிவந்து, "செனெம் சொல்லிட்டா, அப்பா மேல மனத்தாங்கல் இல்லையாம், சீக்கிரமே அவர்கிட்ட அவளே பேசுவாளாம்" என்றேன். இதைப் படித்து உன் நெற்றி சுருங்குவது எனக்குத் தெரிகிறது, பொறு. அப்பா விளக்கேற்றினார். சாஸின் தந்தி இசைக்கு ஆணும் பெண்ணும் சுழன்றபோது, நீ போனதிலிருந்து எழாதவர் எழுந்து சுழன்றார். ஆட்டிறைச்சியும் ரொட்டியும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டோம், உன் பங்கையும் எடுத்துவைக்கச் சொன்னார்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல், குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. ஹிஸிர் உன் வாசலைத் தாண்டிப் போகாதிருக்கட்டும்.

மகளே, குளம்பு நிஜம், ஓநாயும் ஏறக்குறைய நிஜம். போன் மட்டும் நான் கட்டிய கதை. பெக்தாஷ் வீடு பூட்டியிருந்தது, சாவி ஜெம்மில் உட்கார்ந்திருந்த அவன் இடுப்பில். திறந்திருந்தாலும் போட்டிருக்கமாட்டேன், நீ மாட்டேன் என்றுவிட்டால் எந்த முகத்தோடு உள்ளே வருவேன். விறகடுக்கின் ஓரமாய் நின்றுவிட்டு வந்துவிட்டேன். நான் சொன்னதைக் கேட்டு பெக்தாஷ் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்தான், பிறகு குனிந்துகொண்டான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் உன் அப்பா சவரம் செய்துகொண்டு அந்த டெலிபோன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். ஒத்திருக்கேன் என்று சொல்ல மனம் வந்தால் பேசு. வராவிட்டால் அதையும் அவரிடமே சொல்லிவிடு, என்னைப்போல் கட்டிச் சொல்லாதே.

உன் சித்தப்பன்,
ஜாஃபர்